பிளக் மாற்றிய மூன்றாம் நாள் வந்த மிஸ்ஸிங்: ஒரு சிஎன்ஜி மினி லாரியில் கண்டது

புதன்கிழமை காலை அந்த மினி லாரி எங்கள் காரமடை பட்டறை வாசலில் வந்து நின்றபோது, பின்னால் 25 கிலோ அரிசி மூட்டை இருபதும் எண்ணெய் டின்களும் இறக்காமல் அப்படியே இருந்தன. முந்தின நாள் மாலையே கோத்தகிரியில் இறக்கியிருக்க வேண்டிய சரக்கு. மலைப்பாதையில் குஞ்சப்பனையைத் தாண்டி வண்டி ஏற மாட்டேன் என்றதால் பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார் வண்டிக்கார அண்ணன். சொந்த வண்டி, மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நடை தவறினால் அந்த நாளுக்கு வரும்படி இல்லை.

நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர், கம்பெனியிலேயே சிஎன்ஜி பொருத்தி வந்த வண்டி. பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, இன்ஜின் சூடானதும் கேஸுக்கு மாறும். சிலிண்டருக்குள் பொறி விடும் பிளக் ஒவ்வொன்றுக்கும் தலைமேலேயே, அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் ஒரு காயில். மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர்.

"சமவெளியில ஒண்ணும் தெரியறதில்லீங்க தம்பி. ஐட்லிங்கும் நல்லா இருக்குது. லோடோட மலையில மிதிச்சா மட்டும் யாரோ பின்னாடி இருந்து புடிச்சு விட்டு, புடிச்சு விட்டு இழுக்கற மாதிரி இருக்குது. செக் லைட்டும் மினுக்கு மினுக்குன்னு அடிக்குது" என்றார்.

அந்த மினுக்கல்தான் எனக்குக் கவலை தந்தது. செக் லைட் நிலையாக எரிந்தால் ஏதோ கோளாறு, பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். விட்டு விட்டு மினுக்கினால், எரியாத எரிபொருள் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது, அது சூட்டில் உருகும் முன் காலை எடு என்று அர்த்தம். மலையில் அந்த விளக்கோடு மூன்று நடை முயன்றிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"கடைசியா வண்டியில என்ன வேலை பார்த்தீங்கண்ணா?"

"போன வியாழக்கிழமை நாலு பிளக்கும் மாத்துனேன். கிலோமீட்டர் ஆயிருச்சுன்னு மாத்துனதுதான், பழசுல ஒரு குத்தமும் இல்லை. ஆனா அதனால இருக்காதுங்க தம்பி. மாத்தி ரெண்டு நாள் தங்கமா ஓடுச்சு. சனிக்கிழமை சாயந்திரம்தான் ஆரம்பிச்சுது."

இந்த "ரெண்டு நாள் தங்கமா ஓடுச்சு" என்ற பேச்சுதான் எல்லோரையும் வழி திருப்பி விட்டது. பிளக் வேலையில் தப்பு இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டுமே என்று நினைப்பது இயல்பு. அதனால் திங்களும் செவ்வாயும் வேறொரு பட்டறையில் கேஸ் பக்கமே பார்த்திருக்கிறார்கள். கேஸ் ஃபில்டர் மாற்றியாயிற்று, ரெகுலேட்டர் அழுத்தத்தைக் கூட்டியாயிற்று, கேஸ் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. அவர்கள் சொன்ன காரணம் இரண்டு. பெட்ரோலுக்கு மாற்றினால் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டர் எரியாமல் தவறுவது, குறைகிறது, கேஸில் போட்டால் கூடுகிறது. அப்புறம், ஸ்கேனரில் கலவை லீனாக, அதாவது எரிபொருள் குறைவாக இருப்பதாகக் காட்டுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டுமே பிளக் பக்கத்துக் கோளாறாலும் வரும்.

லீன் விஷயம் இப்படி. ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை என்றால் அங்கே உள்ளே போன காற்று எரியாமல், அதில் இருந்த ஆக்சிஜனோடு அப்படியே வெளியே வருகிறது. சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு எரியாத எரிபொருளை எண்ணத் தெரியாது, ஆக்சிஜனை மட்டும்தான் தெரியும். அது "ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, கலவை லீன்" என்று இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியூவுக்குச் சொல்கிறது. ஈசியூ நான்கு சிலிண்டருக்கும் எரிபொருளைக் கூட்டிக்கொடுக்கிறது. இந்த வண்டியில் அந்தக் கூட்டல் கேஸில் 16 சதவீதம் வரை போயிருந்தது. அதாவது நல்ல மூன்று சிலிண்டர்களும் தேவைக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தன. மைலேஜ் குறைந்ததாக அண்ணன் சொன்னதும் இதனால்தான்.

கேஸில் கூடுவதற்கும் காரணம் உண்டு. பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே பொறி தாவ எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: இடைவெளி எவ்வளவு, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு, இடையில் இருக்கும் கலவை எது. ஐட்லிங்கில் பத்தாயிரம் வோல்ட் அளவிலேயே பொறி தாவிவிடும். லோடோடு மலையில் மிதிக்கும்போது சிலிண்டர் நிறையக் கலவை வந்து அழுத்தம் ஏறுகிறது, அப்போது இருபதாயிரத்துக்கு மேல் கேட்கும். பெட்ரோல் கலவையைவிட சிஎன்ஜி கலவையைத் துளைக்க இன்னும் கூடுதலாக வேண்டும். எனவே இக்னிஷனில் ஒரு சின்னப் பலவீனம் இருந்தாலும் அது முதலில் தலைகாட்டும் இடம் கேஸில், லோடில், ஏற்றத்தில்தான். பெட்ரோலில் குறைகிறது என்பதால் கேஸ் கிட் மேல் பழி போடக் கூடாது.

ஸ்கேனரைப் போட்டதும் பி0303 என்ற கோளாறு எண், அதாவது மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (மிஸ்ஸிங்தான்), பதிவாகியிருந்தது. அந்த எண் விழுந்த நேரத்து நிலவரத்தையும் ஈசியூ சேமித்து வைத்திருக்கும், அதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. இதில் 2,600 ஆர்பிஎம், இன்ஜின் லோடு 88 சதவீதம். அண்ணன் வாயால் சொன்னதை எண்ணால் சொன்னது அது.

வண்டியை மேட்டுப்பாளையம் சாலையில் ஓட்டி, சிலிண்டர் வாரியான மிஸ்ஃபயர் கணக்கைப் பார்த்தேன். கேஸில் மூன்றாவது மட்டும் ஏறியது. பெட்ரோலுக்கு மாற்றி மறுபடி மிதித்தேன். கணக்கு மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் அதே மூன்றாவதில்தான் ஏறியது. கேஸ் பக்கத்துச் சந்தேகம் எனக்கு அங்கேயே போய்விட்டது. ரெகுலேட்டரும் ஃபில்டரும் நான்கு சிலிண்டருக்கும் பொது, அவற்றில் குறை என்றால் நான்கும் தவிக்க வேண்டும். மூன்றாவதன் கேஸ் இன்ஜெக்டரில் குறை என்றால் பெட்ரோலில் அது காணாமல் போக வேண்டும். இரண்டு எரிபொருளிலும் ஒரே சிலிண்டர் தவறுகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவாக அங்கே இருப்பது என்ன? காயில், பிளக், கம்ப்ரஷன். அவ்வளவுதான்.

இதுவரை பத்தே நிமிடம். அடுத்து நான் செய்த சோதனைதான் எனக்கு அரை நாளைத் தின்றது.

சந்தேகக் காயிலை இடம் மாற்றிப் பார்ப்பது எல்லா மெக்கானிக்கும் செய்வது. மூன்றாவது காயிலை ஒன்றாவதில் போட்டேன், ஒன்றாவதை மூன்றில் போட்டேன். மிஸ்ஸிங் ஒன்றுக்குப் போனால் காயில் கெட்டது, மூன்றிலேயே நின்றால் பிளக்கைப் பார்க்க வேண்டும். இப்படித்தான் படித்திருக்கிறோம், இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். லோடோடு ஏற்றம் வரை ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் பி0301, பி0303 இரண்டும் இருக்கின்றன. கூடவே பி0300, அதாவது பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர்.

மிஸ்ஸிங் இடம் மாறவும் இல்லை, நின்ற இடத்தில் நிற்கவும் இல்லை. பெருகிவிட்டது.

பெருகுகிறது என்றால் பொதுவான ஒன்று கெட்டிருக்க வேண்டும் என்று என் புத்தி போயிற்று. காயில்களுக்கு வரும் கரண்டைப் பார்த்தேன். சார்ஜிங் 14.1 வோல்ட், சரி. இன்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே லோடில் 0.1 வோல்ட் கூட இழப்பு இல்லை, எர்த் சரி. காயில் கனெக்டர்களின் பின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், பச்சை பிடிக்கவில்லை, தளர்வும் இல்லை. காயில் சர்க்யூட்டில் கோளாறு என்றால் பி0351 முதல் பி0354 வரை ஏதாவது ஒன்று வந்திருக்கும், அதுவும் இல்லை. பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் அமுக்கும் அழுத்தம், பார்த்தோம். 175, 178, 172, 175 பிஎஸ்ஐ. வால்வும் ரிங்கும் நன்றாகவே இருக்கின்றன. கழற்றிய நான்கு பிளக்கையும் வரிசை மாறாமல் ஒரு அட்டையில் குத்தி வைத்தேன். ஆனால் எரியும் முனையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். நான்கும் புதிது, நான்கும் ஒரே நிறம். மேல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்திருக்கும்.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது மேசையில் இரண்டு காயில்களும் படுத்திருந்தன. காயில் என்று நாம் சொல்வது ஒரே பொருள் இல்லை. மேலே காயில், கீழே நீளமான ரப்பர் பூட், அதற்குள் ஒரு ஸ்பிரிங். பூட்டைப் பிடித்து இழுத்தால் தனியாகக் கழன்று வரும். நான் இடம் மாற்றியது காயிலை மட்டும் அல்ல, காயிலையும் பூட்டையும் சேர்த்து. இடத்திலேயே விட்டது பிளக்கை. பிளக்கிலும் குறை, அதைப் பல மணி நேரம் மூடியிருந்த பூட்டிலும் குறை என்று இருந்தால்? பிளக் மூன்றிலேயே இருந்து அங்கே தவறும். பூட் ஒன்றாவதுக்குப் போய் அங்கேயும் தவறும். சோதனை பொய் சொல்லவில்லை, இரண்டு பதிலை ஒரே நேரத்தில் சொல்லியிருக்கிறது.

மூன்றாவது பிளக்கை வெயிலுக்குக் கொண்டுபோய் மெதுவாகச் சுழற்றினேன். வெள்ளைப் பீங்கானில், சாக்கெட் பிடிக்கும் உலோக அறுகோணத்துக்கு ஒரு அரிசி அகலம் மேலே, கறுப்பாக ஒரு கோடு ஆரம்பித்தது. பென்சிலை நன்றாகக் கூராக்கி ஸ்கேல் இல்லாமல் கையால் இழுத்தது மாதிரி லேசான நெளிவோடு, மேலே, ஸ்பிரிங் தொடும் டெர்மினலை நோக்கி ஏறிப் போயிற்று. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் கீழ்ப்பக்கம் தடவினால் கோடு ஆரம்பிக்கும் இடத்தில் நகம் மட்டும் எங்கோ தட்டியது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளும் பையன் ஓடிப்போய் பில் புத்தகத்தோடு இருக்கும் ரப்பர் ஸ்டாம்ப் பேடை எடுத்து வந்தான். பிளக்கை அந்த ஊதா மையில் உருட்டி, ஒரு நிமிடம் விட்டு, தின்னர் நனைத்த துணியால் துடைத்தான். எல்லா மையும் போய்விட்டது. அறுகோணத்துக்கு மேலே பாதி வட்டமாக மயிரிழை போல ஒரு ஊதாக் கோடு மட்டும் நின்றது. பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது. அவனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்த யோசனை. இப்போது எங்கள் பட்டறையில் அது வழக்கமாகிவிட்டது.

அந்தப் பிளக்மேல் முதலில் இருந்த பூட்டை, அதாவது நான் ஒன்றாவதுக்கு மாற்றிய காயிலின் பூட்டை, பிளேடால் நெடுக்காக அறுத்து விரித்தோம். உள்சுவரில் பீங்கான் கோட்டுக்கு நேராக அதே நெளிவில் ரப்பர் கருகியிருந்தது. விரல் வைத்தால் அந்த இடம் மட்டும் சொரசொரப்பு. ஒன்றாவது பிளக்கின் பீங்கான் முழுசாக இருந்தது, மை வைத்தும் விரிசல் இல்லை. ஆனால் கெட்ட பூட்டோடு ஓடிய அந்த ஒரு ஓட்டத்திலேயே அதன்மேலும் மெல்லிய கோடு விழ ஆரம்பித்திருந்தது. நல்ல பூட் மூன்றாவது பிளக்கில் உட்கார்ந்து, தானும் கருகத் தொடங்கியிருந்தது. தொற்றுநோய் மாதிரி. அதனால்தான் இப்போதெல்லாம் காயிலை இடம் மாற்றுவதற்கு முன்பே பிளக்கை வெளியே எடுத்துப் பீங்கானைப் பார்த்துவிடுகிறேன். முதலில் இடம் மாற்றி ஓட்டினால் நல்ல சாமானையும் சேர்த்துக் கெடுக்கிறோம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், பலர் இதில் ஏமாறுகிறார்கள். ஓடிய பிளக்கின் பீங்கானில், உலோகத்தை ஒட்டி மேலே காவி நிறத்தில் ஒரு வளையம் போலப் படிந்திருக்கும். பையன் பழைய பிளக் ஒன்றில் அதைக் காட்டி, கேஸ் கசிந்திருக்கிறதா என்று கேட்டான். கசிவு இல்லை. அதிக மின்னழுத்தம் இருக்கும் இடத்தைச் சுற்றிக் காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்களும் தூசியும் இழுக்கப்பட்டுப் படிவதால் வரும் கறை அது. சுற்றிலும் ஒரே சீராக இருக்கும், அதனால் கெடுதி ஒன்றும் இல்லை. நாம் தேட வேண்டியது ஒரு பக்கமாக, நெடுக்காக ஓடும் கோட்டை.

சரி, விரிசல் எப்படி வந்தது? இந்த வண்டியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் குனிந்து வேலை செய்ய வேண்டும். மூன்றாவது சிலிண்டருக்கு நேர் மேலே சீட் ஃப்ரேமின் ஒரு குறுக்குப் பட்டை வருகிறது, சாக்கெட்டின் நீளத் தண்டான எக்ஸ்டென்ஷனை நேராக இறக்க இடமில்லை. அவசரத்தில் சாய்த்துத்தான் இறுக்கத் தோன்றும். அந்தப் பிளக்கின் அறுகோணத்தைப் பார்த்தால் ஒரு பக்கத்து மூலைகளில் மட்டும் பாலிஷ் தேய்ந்து மின்னியது. மற்ற மூன்றில் அப்படி இல்லை. சாய்ந்த சாக்கெட் உலோகத்தை ஒரு பக்கம் பிடித்துத் திருப்பும்போது அதன் உள்சுவர் பீங்கானை மறுபக்கம் தள்ளுகிறது. பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும், பக்கவாட்டு நெம்பலைத் தாங்காது. ஒரு சின்ன 'டிக்' சத்தம், அதுவும் ராச்செட் சத்தத்தில் கேட்காது.

இரண்டு நாள் தங்கமாக ஓடியதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. புதிதாக விழுந்த விரிசல் சுத்தமாக இருக்கும், அதில் காற்று மட்டும்தான். சாதாரண ஓட்டத்தில் மின்சாரத்துக்குப் பிளக் முனையே சுலபமான வழி. மலையில் கேட்கும் வோல்ட் ஏறும்போது எப்போதாவது ஒரு பொறி விரிசல் வழியே வெளியே வந்து உலோகத்துக்குத் தாவும். தாவும் ஒவ்வொரு முறையும் ரப்பரைக் கொஞ்சம் சுட்டு, கொஞ்சம் கரியை விட்டுவிட்டுப் போகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பத்து முறை, நூறு முறை ஆனபிறகு அந்தக் கரியே ஒரு கம்பி மாதிரி. சனிக்கிழமை மாலைக்குள் வெளிப்பாதை உள்பாதையைவிடச் சுலபமாகிவிட்டது.

ஆனால் விரிசல் மட்டும் குற்றவாளி இல்லை. இதைத் தெரிந்துகொண்டது அண்ணனின் நல்ல பழக்கத்தால். பழைய பிளக் நான்கையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி டேஷ்போர்டில் வைத்திருந்தார். முனைகளின் இடைவெளியை, அதாவது கேப்பை, ஃபீலர் கேஜ் வைத்து அளந்தேன். 80,000 சொச்சம் கிலோமீட்டரில் போட்டு 30,000 ஓடிய பழைய பிளக்குகளில் கேப் 0.85, 0.9 மி.மீ. இப்போது போட்ட புதிய பிளக்குகளில் 1.1 மி.மீ. புதிதாக இருக்கும்போதே பழசைவிட அகலம். எண்ணை ஒப்பிட்டால் மரை, நீளம், வெப்ப எண் எல்லாம் ஒன்று, கடைசி இலக்கங்கள் மட்டும் வேறு. என்ஜிகே, டென்சோ எண்களில் கடைசியில் 11 என்று வந்தால் கேப் 1.1 மி.மீ. என்று அர்த்தம். அது பெட்ரோல் மட்டும் ஓடும் வண்டிக்கான பிளக். சிஎன்ஜிக்கு இந்த வண்டி கேட்பது 0.8. கடையில் வண்டி பெயரைச் சொன்னால் பெட்ரோல் மாடலுக்கு உள்ளதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், கேட்பவர் சிஎன்ஜி என்று சொல்ல வேண்டும். அட்டைப் பெட்டியில் கேப் ஏற்கனவே செட் செய்து வந்திருக்கிறது என்பதால் யாரும் அளப்பதில்லை. எதற்கு செட் செய்தது என்பதுதான் கேள்வி.

0.3 மி.மீ. என்பது பார்க்க ஒன்றுமே இல்லை, மூன்று தாள் கனம். ஆனால் மலையில், கேஸில், அந்த மூன்று தாள் கனத்துக்குக் காயில் ஆயிரக்கணக்கான வோல்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நல்ல பீங்கானாக இருந்தால் அதையும் தாங்கியிருக்கும், சில மாதம் கழித்துக் காயில் போயிருக்கும். விரிசல் விட்ட பீங்கான் என்பதால் இரண்டே நாளில் வழி விட்டுவிட்டது. சரியான கேப்போடு இருந்திருந்தால் அந்த விரிசல் பல வாரம் வெளியே தெரியாமலும் இருந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்துதான் மலையில் வண்டியை நிறுத்தின.

மறுநாள் காலை நான்கு பிளக்கும் சிஎன்ஜி எண்ணில் வரவழைத்தோம். ஒவ்வொன்றையும் அளந்தோம், மூன்று 0.8, ஒன்று 0.75. அதை மாற்றவில்லை, வரம்புக்குள்தான் இருந்தது. இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசி மாதிரி இருக்கும், அதில் கேஜை வைத்து நெம்பினால் உடைந்துவிடும். கேப் சரியாக வரும் பிளக்கை வாங்குவதே மேல். கருகிய இரண்டு பூட்டையும் மாற்றினோம். அவற்றின் காயில்களை ஸ்பார்க் டெஸ்டரில் போட்டுப் பார்த்தால் பொறி கனமாக நீல நிறத்தில் வந்தது, எனவே அவற்றை மாற்றச் சொல்லவில்லை. காயில் விலை இந்த அண்ணனுக்கு ஒரு வாரச் சம்பாத்தியம். சோதிக்காமல் "எதுக்கும் மாத்திருங்க" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது.

பிளக்குகளைப் பொருத்துவதில் நேரம் எடுத்துக்கொண்டோம். சீட் ஃப்ரேமின் அந்தக் குறுக்குப் பட்டைக்கு இரண்டு போல்ட்தான், கழற்றி வைத்தாகிவிட்டது. இன்ஜின் நன்றாக ஆறியிருந்தது. பிளக் குழிகளில் தண்ணீரோ எண்ணெயோ இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். வால்வு கவர் சீல் ஒழுகி எண்ணெய் இறங்கினால் ரப்பர் ஊறி உப்பிவிடும், அதுவும் மிஸ்ஸிங் தரும். புது பிளக்கை ஒரு சின்ன ரப்பர் குழாயின் நுனியில் செருகி விரலாலேயே மரையில் ஏற்றினான் பையன். மரை குறுக்கே பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். வாஷர் தொடும் வரை கையால், பிறகு இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 14 மி.மீ. என்றால் 25 முதல் 30. மரையில் கிரீஸ் எதுவும் போடவில்லை. பூச்சு பூசி வரும் பிளக்குக்கு அது வேண்டாம், போட்டால் அதே டார்க்கில் கூடுதலாக இறுகிவிடும். பூட்டின் வாய்க்குள் மட்டும் விரலால் கொஞ்சம் சிலிகான் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவினோம். பீங்கானுக்கும் ரப்பருக்கும் இடையே காற்று இல்லாமல் பார்த்துக்கொள்ளும், அடுத்த முறை ஒட்டாமல் கழன்றும் வரும்.

என் குருவுக்கு இதெல்லாம் தேவைப்பட்டதில்லை. அவர் காலத்து வண்டிகளில் கேப் 0.6, 0.7தான், ஒரே காயில், டிஸ்ட்ரிபியூட்டர், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் பிளக். ஐட்லிங்கில் ஒவ்வொரு பிளக் வயரையும் பிடுங்கிப் பார்ப்பார், எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் படுத்திருக்கிறது. நேர்த்தியான சோதனை. ஆனால் தயவுசெய்து அதைத் தனிக் காயில் வண்டியில் செய்யாதீர்கள். பிடுங்கிய காயிலின் முழு மின்னழுத்தமும் போக இடம் இல்லாமல் காயிலையே துளைக்கும், கை பட்டால் உங்களையும். எரியாத எரிபொருளும் கன்வெர்ட்டருக்குப் போகும். ஸ்கேனர் இல்லை என்றால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், எரிபொருள் நின்றுவிடும், பொறி அதன் இடத்தில் விழும். சரக்கு வண்டி என்றாலே டீசல் என்று முப்பது வருடம் பழகிய கைகள் நம் ஊரில் நிறைய. மினி லாரிகள் சிஎன்ஜிக்கு வந்தபிறகு பிளக் வேலை அந்தக் கைகளுக்கு வந்திருக்கிறது. டீசலில் இறுக்கும் பலத்தைப் பீங்கானிடம் காட்டினால் என்ன ஆகும் என்று அந்த ஊதாக் கோட்டில் பார்த்தோம்.

கன்வெர்ட்டர் தப்பித்ததா என்று பயந்துகொண்டேதான் பார்த்தேன். ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் இல்லை. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் மேலும் கீழும் ஆடாமல் 0.65 வோல்ட் பக்கம் நிலையாக நின்றது. தப்பித்துவிட்டது. இன்னும் இரண்டு நடை முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ரெகுலேட்டரில் கூட்டி வைத்த அழுத்தத்தைப் பழைய அளவுக்கு இறக்கினோம். கோளாறு எண்களையும், ஈசியூ கற்று வைத்திருந்த எரிபொருள் கூட்டலையும் அழித்தோம். அதை அழிக்காமல் விட்டால் சரியான வண்டி, ஈசியூ மறுபடி கற்றுக்கொள்ளும் வரை, தேவைக்கு மேல் குடித்துக்கொண்டு ஓடலாம்.

வியாழக்கிழமை மதியம் அதே அரிசி மூட்டைகளோடு புறப்பட்டோம். நான் பக்கத்து சீட்டில், மடியில் ஸ்கேனர். மேட்டுப்பாளையத்தில் ஆற்றைத் தாண்டினோம், ஏற்றம் ஆரம்பித்தது, கேஸில் ஓடுவதைக் காட்டும் லைட் எரிந்தது. அண்ணன் மூன்றாவது கியரில் பயந்து பயந்து மிதித்தார்.

"நல்லா மிதிங்கண்ணா."

மிதித்தார். குஞ்சப்பனை செக்போஸ்ட்டைத் தாண்டி, செவ்வாய்க்கிழமை நின்ற வளைவும் வந்து போயிற்று. லோடு 90 சதவீதத்தைத் தொட்டது. மிஸ்ஃபயர் கணக்கு நான்கு சிலிண்டரிலும் பூஜ்யம். அவர் ஸ்கேனரைப் பார்க்கவில்லை, இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். கோத்தகிரியில் சரக்கு இறங்கியபோது மணி ஐந்து. கடைக்காரர் இரண்டு நாள் தாமதத்துக்குத் திட்டினார், டீயும் வாங்கிக் கொடுத்தார். இறங்கும்போது மறுபடி பார்த்தேன், எரிபொருள் கூட்டல் 3 சதவீதத்தில் நின்றிருந்தது.

பத்தாயிரம் கிலோமீட்டர் கழித்து ஆயில் மாற்ற வந்தபோது மூன்றாவது பிளக்கை மட்டும் கழற்றிப் பார்த்தேன். கேப் 0.8. முனை வெளிர் காவி. பீங்கானில் மை வைத்துத் துடைத்தான் பையன், ஒன்றும் நிற்கவில்லை. பூட்டின் உள்சுவர் வழுவழுப்பாக இருந்தது. புது வாஷர் போட்டு, குறுக்குப் பட்டையை மறுபடி கழற்றி, நேராகவே இறுக்கினோம்.